லகாஷ்: ஒரு பெயர், இரண்டு மேடுகள்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிங், ஹால் ஆகிய இருவர் 1907இல் எகிப்து, மேற்காசிய அகழ்வுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதில் ஷிர்புர்லா என்ற நகரமும் கிஷ்கூ என்ற நகரமும் ஒரு வளமான வயல்வெளிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போரிடுகின்றன. ஷிர்புர்லாவை ஆள்பவருக்குப் ‘படேசி’ என்று பட்டம். இன்றைய சுமேரிய வரலாற்று நூல் எதைத் திறந்தாலும் அதே போரும் அதே வயலும் இருக்கின்றன. ஆனால் ஊர்களின் பெயர் லகாஷ், உம்மா. ஆள்பவரின் பட்டம் ‘என்சி’. சான்றுகள் மாறவில்லை. கழுகுக் கல் என்று அழைக்கப்படும் வெற்றிக்கல்லும் எல்லைத் தகராற்றைச் சொல்லும் களிமண் கூம்பும் அன்று வாசித்தவர்கள் முன் இருந்தவைதான். வாசிப்புதான் மாறியது.

ஆங்கிலத்தில் லகாஷ் என்ற பெயர் எப்படி நிலைபெற்றது, அது எந்த இடத்தைக் குறிக்கிறது, குறிக்க வேண்டிய இடத்தைத்தான் குறிக்கிறதா என்பவை இந்தக் கட்டுரையின் கேள்விகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி ஒலிப்பது என்ற சிக்கல் நூறாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. எங்கே இருந்தது என்ற சிக்கல் 1953க்குப் பிறகு தீர்ந்தது. ஆனால் பொதுவழக்கு ஆங்கிலம் இரண்டாவது தீர்வை இன்னும் அரைமனத்தோடுதான் ஏற்றிருக்கிறது. அதனால் கிர்சு என்ற பெருநகரம் தன் புகழை எல்லாம் பக்கத்து நகரத்தின் பெயரில் விட்டுவிட்டு நிற்கிறது.

மற்ற மெசொப்பொத்தேமிய நகரங்களுக்குக் கிடைத்த ஒரு வசதி லகாஷுக்குக் கிடைக்கவில்லை. பாபிலோன், நினிவே, ஊர், ஏரேக்கு ஆகியவை விவிலியத்தின் வழியே ஐரோப்பிய மொழிகளுக்கு வந்தன. அகழ்வு தொடங்குவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவற்றுக்கு ஓர் ஒலிப்பு இருந்தது. உருக் நகரத்தை ஏரேக்கு என்று ஆங்கிலத்தில் நெடுங்காலம் எழுதியதற்கு அதுவே காரணம். லகாஷ் விவிலியத்திலும் இல்லை, கிரேக்க ஆசிரியர்களிடமும் இல்லை. வியப்பு என்னவென்றால், சுமேரியர்களே தொகுத்த புகழ்பெற்ற அரசர் பட்டியலிலும் அது இல்லை. கீஷ், உருக், ஊர் என்று ஆட்சி கைமாறியதை விரிவாகச் சொல்லும் அந்தப் பட்டியல், அண்டை நகரங்களை எல்லாம் வென்றதாகப் பெருமைகொண்ட லகாஷ் அரசர் இயன்னாதுமைக்கூடச் சேர்க்கவில்லை. பட்டியலைத் தொகுத்தவர்களின் அரசியலில் லகாஷுக்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும். இந்தக் குறை பழங்காலத்திலேயே உறுத்தியிருக்கிறது. லகாஷ் அரசர்களுக்கென்றே, வெள்ளத்துக்குப் பிந்திய காலத்திலிருந்து தொடங்கும் தனிப் பட்டியல் ஒன்றைப் பிற்கால எழுத்தர் ஒருவர் எழுதிவைத்தார். அந்தக் களிமண் ஏடு கிடைத்திருக்கிறது.

ஆக, 1877இல் பாஸ்ராவின் பிரெஞ்சுத் துணைத்தூதர் எர்னஸ்ட் த சார்செக் தென் ஈராக்கின் ஒரு மேட்டைத் தோண்டத் தொடங்கியபோது, அவர் கையில் வந்த அரசின் பெயரை எப்படிச் சொல்வது என்று உலகில் யாருக்கும் தெரியாது. அந்த மேட்டுக்கு அவ்வூர் மக்கள் வைத்த பெயர் தெல்லோ. எழுத்துப் பலகைகளின் மேடு என்று அந்த அரபுப் பெயருக்குப் பொதுவாகப் பொருள் சொல்வார்கள். கரும்பச்சைக் கல்லில் கைகட்டி அமர்ந்திருக்கும் லகாஷ் அரசர் குதேயாவின் சிலைகள், கழுகுக் கல்லின் துண்டுகள், இன்னொரு லகாஷ் அரசர் என்தெமெனாவின் வெள்ளிக் குடம் என்று அங்கிருந்து வந்த பொருள்கள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தை நிறைத்தன. 1881இல் லூவரில் கீழ்த்திசைத் தொல்பொருளுக்குத் தனித் துறை அமைவதற்கு இந்தக் கண்டெடுப்புகளே தூண்டுதல்.

அவற்றின் மதிப்பு அழகில் மட்டும் இல்லை. சுமேரியம் என்று ஒரு மொழி இருந்ததே இல்லை, அது பாபிலோனியப் பூசாரிகள் உண்டாக்கிய மறைக்குறியீடு என்று 1874 முதல் ஜோசப் அலெவி என்ற அறிஞர் கடுமையாக வாதிட்டுவந்தார். முழுக்க முழுக்கச் சுமேரியத்தில் எழுதப்பட்ட அரச கல்வெட்டுகள் தெல்லோவிலிருந்து அடுக்கடுக்காக வந்ததும் அந்த வாதம் வலுவிழந்தது. ஒரு மக்களினத்தின் இருப்பையே ஐயத்திலிருந்து மீட்ட மேடு என்று தெல்லோவைச் சொன்னால் மிகையாகாது.

ஆனால் பெயர்? ஆப்பெழுத்தில் அது மூன்று குறிகளால் எழுதப்பட்டு, இது ஓர் இடம் என்று காட்டும் ‘கி’ என்ற குறியோடு முடியும். மூன்று குறிகளுக்கும் தனித்தனியே தெரிந்த ஒலிகளைச் சேர்த்தால் ஷிர்-புர்-லா என்று வரும். அதைத்தான் சிர்புர்லா, ஷிர்புர்லா என்று முதல் தலைமுறை அறிஞர்கள் எழுதினார்கள். சுமேரிய எழுத்து முறையில் சில குறிக்கூட்டுகளை உறுப்பு உறுப்பாக ஒலிக்கக் கூடாது. முழுக்கூட்டும் ஒரே சொல்லாக வாயில் வரும். நம் பழைய பத்திரங்களில் ௸ என்று எழுதியிருப்பதை மேற்படி என்று வாசிக்கிறோமே, அது போல. எழுதத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தால்தான் இது பிடிபடும். நல்வாய்ப்பாக, சொல்லிக்கொடுத்தவர்களின் பாடநூல்கள் கிடைத்தன. பழைய மெசொப்பொத்தேமிய எழுத்துப் பள்ளிகளில் குறி ஒரு பத்தி, ஒலிப்பு ஒரு பத்தி, அக்காதியப் பொருள் ஒரு பத்தி என்று அமைந்த பட்டியல்களைப் படியெடுத்துக் கற்றார்கள். அத்தகைய பட்டியல்களின் துணையோடுதான் ஷிர்-புர்-லா என்று எழுதி லகாஷ் என்று படிக்க வேண்டும் என்பது தெரிந்தது. படேசி என்சியானதும் இதே வழியில்தான்.

புதிய வாசிப்பு உடனே பழையதை விரட்டிவிடவில்லை. 1911இல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் பதினோராம் பதிப்பு ‘லகாஷ், அல்லது சிர்புர்லா’ என்று இரண்டையும் தலைப்பில் வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிங் எழுதிய சுமேர், அக்காத் வரலாற்றில் லகாஷ் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த நான்கைந்து ஆண்டுகளே திருப்பம். அதன் பிறகு ஷிர்புர்லா பழைய நூல்களில் மட்டும் தங்கிவிட்டது. பழைய நூல் ஒன்றை எடுத்துப் படிக்கும் மாணவர் அதை வேறொரு நகரம் என்று எண்ணிவிடும் ஆபத்து இன்றும் உண்டு.

ஒலிப்பு சரியானபோது ஒரு பெரிய பிழை அதே பக்கத்தில் அசையாமல் இருந்தது. பிரிட்டானிக்கா லகாஷ் என்று விவரித்த இடம் தெல்லோ மேடு. ஐம்பதாண்டுக்கு மேல் அறிஞர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. தெல்லோவில் கிடைத்த கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசர் தம்மை லகாஷின் அரசர், லகாஷின் என்சி என்றே அழைத்துக்கொள்கிறார். அதே கல்வெட்டுகளில் கிர்சு, நினா என்ற பெயர்களும் வரும். அவை லகாஷ் நகரத்தின் பேட்டைகளாக இருக்கும் என்று கொண்டார்கள். கிர்சுவின் தலைவன் என்று பொருள்படும் நின்கிர்சு தெய்வத்தின் பெருங்கோயிலான எனின்னு அந்த மேட்டில்தான் இருந்தது. அதைக் கண்டும், லகாஷ் நகரத்துக்குள் கிர்சு என்ற கோயில் பேட்டை என்றே விளக்கம் சொன்னார்கள்.

பட்டம் நாட்டைச் சொல்கிறது, கல் கிடைத்த இடத்தைச் சொல்வதில்லை என்ற எளிய வேறுபாடு இங்கே தவறிப்போனது. லகாஷ் என்பது ஒரு நகரத்தின் பெயராகவும் அந்த நகரம் தலைமைதாங்கிய நாட்டின் பெயராகவும் இருந்தது. நாட்டுக்குள் மூன்று பெருநகரங்கள்: லகாஷ், அதற்கு வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் கிர்சு, தென்கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் நினா. கடல்வணிகத்துக்குக் குவாப்பா என்ற துறைமுகம். அரசர்கள் தங்கள் நேர்த்திகளை நின்கிர்சுவுக்குச் செலுத்தியதால் கல்வெட்டுகள் கிர்சுவில் குவிந்தன. நாளடைவில் அரசிருக்கையும் அங்கேயே போய்விட்டது. குதேயா கி.மு. 22ஆம் நூற்றாண்டில் ஆண்டபோது லகாஷ் நாட்டின் தலைநகரம் கிர்சுதான்.

உண்மையான லகாஷ் அல்-ஹிபா என்ற பரந்த மேட்டுக்குள் இருந்தது. அங்கே முதலில் தோண்டியவர் சாதாரண ஆள் அல்ல. பின்னாளில் பாபிலோனை அகழ்ந்து புகழ்பெற்ற இராபர்ட் கோல்டவே. 1887இல் அல்-ஹிபாவையும் பக்கத்துச் சுர்குல் மேட்டையும் தோண்டிய அவர், கிடைத்த எரிந்த படிவுகளைப் பார்த்து இவை பிணம் எரித்த ஈமக்களங்கள் என்று முடிவுசெய்தார். மக்கள் வாழ்ந்த லகாஷும் நினாவும் அவர் காலடியில் இருந்தன. இந்த ஒரு முடிவால் அந்த மேடுகள் அறுபதாண்டுக்கு மேல் ஆய்வாளர் கண்ணில் படாமல் போயின என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிக வருத்தம் தரும் பகுதி. 1953இல் தோர்கில்ட் யாக்கோப்சனும் ஈராக்கியத் தொல்லியலாளர் ஃபுவாத் சஃபரும் அப்பகுதியில் கள ஆய்வு செய்து, அல்-ஹிபாவே லகாஷ் என்று கண்டார்கள். 1968 முதல் அமெரிக்க அகழ்வுக் குழு அங்கே வேலை செய்தபோது முடிவான சான்று மண்ணுக்கடியிலிருந்து வந்தது. இனன்னா தெய்வத்தின் இப்கால் கோயில் அடித்தளத்தில், முதலாம் என்னன்னாதும் அரசன் கோயிலின் பெயரைச் சொல்லிப் புதைத்த கல்லும் செப்புருவங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. இடம்பெயர்த்து வைக்கக்கூடிய சிலையைப் போல் அல்லாமல், சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட அடித்தளப் பொருள் ஓரிடத்தின் பெயருக்கு மறுக்க முடியாத சாட்சி.

அப்படியானால் ‘லகாஷ்’ என்று ஆங்கிலம் நூறாண்டாக அழைத்த பொருள்களில் பெரும்பாலானவை கிர்சுவுடையவை. பெயர்தானே, அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1894இல் சார்செக் தெல்லோவில் ஏறத்தாழ 30,000 களிமண் ஏடுகளைக் கண்டார். பெரும்பகுதி திருட்டுத்தோண்டல் வழியே வணிகர்கள் கைக்குப் போய் உலகம் முழுவதும் சிதறியது. அதே மேட்டின் இன்னும் பழைய தொகுதி ஒன்று அரசியின் மாளிகை நிர்வாகக் கணக்குகள். கி.மு. 24ஆம் நூற்றாண்டில் லுகலந்தா அரசனின் மனைவி பாரநம்தரா போன்றோர் மேற்பார்த்த அந்த நிறுவனத்தில் யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எந்த வயல் யார் பொறுப்பில், மீனவர் எத்தனை மீன் கொடுத்தார் என்பதெல்லாம் மாதவாரியாகப் பதிவாகியிருக்கிறது. 1920களில் ஆண்டோன் டைமெல் என்ற அறிஞர் இந்த ஏடுகளைப் பெருமுயற்சியோடு ஆராய்ந்து, சுமேரிய நகரத்தில் நிலம் முழுவதும் கோயிலுக்கே சொந்தம், மக்கள் அனைவரும் கோயிலின் ஆட்கள் என்ற கோட்பாட்டை நிறுவினார். ‘கோயில் அரசு’ என்ற அந்தச் சித்திரம் ஆங்கிலப் பாடநூல்களில் ஒரு தலைமுறைக்கு மேல் ஆண்டது. பின்னர் தியாக்கோனோவ், கெல்ப் ஆகிய அறிஞர்கள் அதைத் தகர்த்தார்கள். குடும்ப நிலங்களும் நிலவிற்பனையும் இருந்தன. டைமெல் கணக்கிட்டது ஒரு நிறுவனத்தின் நிலத்தை. ஒரு நகரத்தின் ஒரு மாளிகை அலுவலகக் கணக்கு, லகாஷ் நாட்டின் பொருளாதாரமாகவும் அதிலிருந்து சுமேரின் பொருளாதாரமாகவும் பெருகியது. இந்தப் பெருக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. கிர்சுவும் லகாஷும் ஒன்றே என்று கொண்டது அதை எளிதாக்கியது என்பது என் முடிவு.

நகரத்தின் பெயர் உறுதிப்பட்டுவிட்டாலும் அதை ஆண்டவர்களின் பெயர்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வெள்ளிக் குடத்துக்குரிய என்தெமெனாவை இன்றைய ஆய்வாளர்கள் என்மெதெனா என்று எழுதுகிறார்கள். நினா நகரம் நிகின் ஆகிவிட்டது. மிகுந்த தடுமாற்றம் உருகாகினாவுக்கு. எளியவர் நிலத்தை வலியவர் பறிப்பதையும் அதிகாரிகளின் மிகை வசூலையும் தடுத்ததாகச் சொல்லும் ஆணைகளால் அவர் சுமேரிய அரசர்களில் தனித்து நிற்கிறார். அவர் பெயரின் முதல் குறி நகரம் என்று பொருள்படும். அதை உரு என்றும் இரி என்றும் ஒலிக்கலாம். அடுத்த குறிக்கு வாய் என்ற பொருளில் கா என்றும் சொல் என்ற பொருளில் இனிம் என்றும் ஒலிப்பு உண்டு. ஆகவே உருகாகினா, இரிகாகினா, உருஇனிம்கினா என்று மூன்று பெயர்களில் ஒரே மனிதர் நூல்களில் உலவுகிறார். உம்மாவின் அரசன் லுகல்சாகேசி உருகாகினாவின் நாட்டின் கோயில்களை எரித்துக் கொள்ளையிட்டதைப் பட்டியலிட்டு, இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை என்று வாதாடும் ஒரு களிமண் ஏடு தெல்லோவில் கிடைத்தது. அவர்மேல் இவ்வளவு பற்று வைத்து எழுதிய எழுத்தர் அவர் பெயரை வாய்விட்டு எப்படி அழைத்தார் என்பதை அறியத்தான் இத்தனை உழைப்பும்.

பொது ஆங்கிலம் இத்தகைய நுட்பங்களுக்காகக் காத்திருப்பதில்லை. 1941இல் ஐசக் அசிமோவ் எழுதிய ‘நைட்ஃபால்’ அறிவியல் கதையில் இருளையே அறியாத ஒரு கோளின் பெயர் லகாஷ். 1990இல் அதை இராபர்ட் சில்வர்பெர்க்குடன் நாவலாக்கியபோது கல்காஷ் என்று மாற்றினார்கள். உருகாகினாவின் ஆணைகளில் வரும் விடுதலைக்கான அமகி என்ற சொல்லின் ஆப்பெழுத்து வடிவத்தைச் சின்னமாகக் கொண்ட அமெரிக்காவின் லிபர்ட்டி ஃபண்ட் அமைப்பு, தன் புத்தகங்களில் அது லகாஷ் நகர அரசின் ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிப்பிடுகிறது. 2003இல் பாக்தாத் அருங்காட்சியகக் கொள்ளையில் போன தலையில்லாத கற்சிலை 2006இல் மீட்கப்பட்டபோது, லகாஷ் அரசர் என்தெமெனாவின் சிலை என்று செய்திகள் வந்தன. நாட்டின் பெயராகக் கொண்டால் இவை சரியே. அந்தச் சிலை கிடைத்ததோ லகாஷிலும் இல்லை, கிர்சுவிலும் இல்லை. ஊர் நகரத்தில், லெனர்ட் வூலியின் அகழ்வில்.

ஊர் என்ற பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் மனம் துள்ளுவது இயல்பு. நம் ஊர்தான் அந்த ஊர் என்று மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. லகாஷின் கதை இதில் நமக்கு நிதானத்தைக் கற்றுத்தருகிறது. ஆங்கிலத்தில் உள்ள ஊர் என்ற வடிவம் எபிரேய விவிலியம் வழி வந்தது. சுமேரியர் அந்த நகரத்தை உரிம் என்று அழைத்தார்கள். நகரம் என்று பொருள்படும் உரு என்ற சொல்லோடு ஒப்பிடுவதே முறை என்றால், அந்த உருவையே இரி என்று படிக்க வேண்டும் என இன்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்த நிலையில் ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் வைத்து இரு மொழிகளுக்கு உறவு கட்டக் கூடாது.

நம் துணைக்கண்டத்தோடு லகாஷ் நாட்டுக்கு உறுதியான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. குதேயா தன் கோயில் பணிக்கு மெலுஹாவிலிருந்து மரமும் பொன்னும் செம்மணிக் கற்களும் வந்ததாகக் கல்லில் பொறித்திருக்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளி நாடு என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். குதேயாவுக்குப் பிந்திய ஊர் மூன்றாம் வம்சக் காலத்தில் லகாஷ் மாநிலத்தில் மெலுஹாவின் பெயரால் ஒரு சிற்றூரே இருந்து, வாற்கோதுமை செலுத்தியதை ஏடுகள் காட்டுகின்றன. சிமோ பர்போலா, அஸ்கோ பர்போலா, பிரன்ஸ்விக் மூவரும் 1977இல் இதை விரிவாக எழுதினார்கள். மெலுஹா என்ற பெயரே மேல், அகம் என்ற திராவிடச் சொற்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது அஸ்கோ பர்போலாவின் கருத்து. அது இன்னும் கருத்துதான். கப்பலேறிப் போன வணிகர் குடும்பங்கள் அந்நிய மண்ணில் ஊர் அமைத்துத் தங்கின என்ற செய்தி அதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2016 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஈராக் அரசுடன் சேர்ந்து தெல்லோவில் நடத்தும் பணிக்குக் கிர்சு திட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அறிஞர் உலகில் கிர்சு தன் பெயரைத் திரும்பப் பெற்றுவிட்டது என்பதற்கு இது நல்ல அடையாளம். 2019 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் அல்-ஹிபாவிலும் வேலை மறுபடி நடக்கிறது. ஆளில்லாப் பறக்கும் கருவியால் எடுத்த படங்களை வைத்து, லகாஷ் நகரம் சதுப்புநீருக்கு நடுவே தனித்தனித் தீவுப் பகுதிகளாக அமைந்திருக்க வேண்டும் என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 2023இன் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட உணவுக்கூடம் அதைவிட நெருக்கமான காட்சி. ஏறத்தாழ 4,700 ஆண்டுகளுக்கு முன் மக்கள் பலகை போட்டு அமர்ந்து உண்ட இடம், அடுப்பு, மண்ணாலான குளிர்பதன அமைப்பு, மீன் மிச்சங்களோடு கிண்ணங்கள். பெரும்பாலும் அரசரையும் கோயிலையுமே பேசும் கல்வெட்டுகளால் நாம் அறிந்த லகாஷில் இப்போதுதான் சாதாரணக் குடிமக்கள் தென்படுகிறார்கள். அவர்களைப் பற்றிய செய்தியில் லகாஷ் என்ற சொல் நகரத்தையே குறித்தது.

தமிழில் எழுதுபவர்கள் ஆங்கிலத்தின் பழைய குழப்பத்தைச் சுமக்கத் தேவையில்லை. நாட்டையும் அல்-ஹிபாவில் இருந்த நகரத்தையும் லகாஷ் என்போம். தெல்லோவில் கிடைத்த எதையும் கிர்சு என்ற பெயரோடு சொல்வோம். லூவரில் இருக்கும் குதேயா சிலையின் படத்தை அச்சிடும்போது ‘லகாஷ் அரசர் குதேயா, கிர்சுவில் கிடைத்த சிலை’ என்று கீழே எழுதினால் போதும். பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர் ஷிர்புர்லா, கிஷ்கூ, படேசி ஆகியவற்றுக்கு அடிக்குறிப்பு ஒன்று தருவது நல்லது. உருகாகினாவைப் பொறுத்தவரை, பழகிய அந்த வடிவத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பேன். புதிய வாசிப்புகளில் எது நிலைக்கும் என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.